பழைய மென்பொருள், புதிய விண்டோஸ், போதாத ராம்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அச்சகத்தில் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர், ஸ்டூடியோவில் போட்டோஷொப் 7, கூட்டுறவுச் சங்கத்தில் விண்டோஸுக்கு முந்திய டொஸ் காலத்துக் கணக்குப் புரோகிராம், பள்ளிக்கூடத்தில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் ரைப் செய்த வினாத்தாள்கள். வவுனியாவில் இருந்து பரந்தன் வரை, அங்கிருந்து புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு வரை இவை இன்னும் தினசரி வேலையில் இருக்கின்றன. 2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததும், மெஷினை மாற்றினால் இவை என்னவாகும் என்ற கவலை பலருக்கு வந்துவிட்டது. பெரும்பாலானவற்றைக் காப்பாற்றலாம். ஆனால் "ராம் (மெஷினின் தற்காலிக நினைவகம்) போதாது" என்று சொல்லப்படும் கோளாறுகளில் பலவற்றுக்கும் ராமுக்கும் தொடர்பே இல்லை. அதைப் பிரித்துப் பார்க்கத்தான் இந்தப் பக்கம்.

எதிலும் கை வைக்க முன் முதலில் செய்ய வேண்டியது என்ன?

தரவைப் பிரதி எடுங்கள். புரோகிராமை இன்னொரு இடத்தில் தேடி எடுக்கலாம், பதிந்த கணக்கை எடுக்க முடியாது. இடப்பெயர்வில் காகிதக் கோப்புகளை இழந்த சங்கங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும், மீள்குடியேறிய பின் கணினியில் பதிந்ததுதான் முதல் ஆவணம். அதற்கு வேறு பிரதி இல்லை என்றால், அந்த ஹாட் டிஸ்க் பெட்டகம் மாதிரி.

புரோகிராம் நிறுவப்பட்ட போல்டர் முழுவதையும், மை டொக்யுமென்ட்ஸ் போல்டரையும், எழுத்துருக்கள் இருக்கும் பொன்ட்ஸ் போல்டரையும் ஒரு வெளி ஹாட் டிஸ்க்கில் போடுங்கள். இன்னொரு பிரதியை வேறு கட்டடத்தில் வையுங்கள். பென்ட்ரைவ் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். பிரதி எடுத்த பின் வேறு ஒரு மெஷினில் இரண்டு மூன்று பைல்களையாவது திறந்து பார்த்தால்தான் அது பிரதி.

எத்தனை ஜிபி ராம் இருந்தால் போதும்?

மைக்ரோசொப்ட் சொல்லும் குறைந்த அளவு: எக்ஸ்பிக்கு 64 எம்பி, விண்டோஸ் 7க்கும் 10க்கும் 32 பிட் பதிப்பு என்றால் 1 ஜிபி, 64 பிட் பதிப்பு என்றால் 2 ஜிபி, விண்டோஸ் 11க்கு 4 ஜிபி. இது விண்டோஸ் எழும்பி நிற்பதற்கான அளவு. அதன் மேல் வேலை செய்வதற்கான அளவு வேறு.

வேர்ட், எக்செல், பழைய கணக்குப் புரோகிராம் மட்டும் என்றால் எக்ஸ்பியில் 1 ஜிபி தாராளம், விண்டோஸ் 7இல் 2 முதல் 4 ஜிபி. விண்டோஸ் 10இல் பிரவுசரில் ஐந்தாறு பக்கம் திறந்து வைத்து, ஸூம் வகுப்பும் ஓட வேண்டும் என்றால் 8 ஜிபி வையுங்கள். விண்டோஸ் 11 மெஷினை 4 ஜிபியுடன் வாங்கவே வேண்டாம். பழைய மென்பொருளுக்கு ராம் பசி குறைவு. ராமைத் தின்பது பிரவுசரும் அன்டிவைரஸும்தான்.

4 ஜிபி போட்டேன், 3.2 தான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. உங்கள் விண்டோஸ் 32 பிட். 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் 4,294,967,296; அதாவது 4 ஜிபி. அந்த முகவரிகளில் ஒரு பகுதியை டிஸ்பிளே, நெட்வேர்க் போன்ற சாதனங்களுக்கு ஒதுக்கியாக வேண்டும். மிச்சம்தான் ராமுக்கு. 8 ஜிபி போட்டாலும் சாதாரண 32 பிட் விண்டோஸில் இதே எண்தான் வரும். 64 பிட் விண்டோஸ் போட்டால் முழுவதும் தெரியும். ஆனால் உங்களிடம் 16 பிட் பழைய புரோகிராம் இருந்தால் அவசரப்பட வேண்டாம். கீழே அதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது.

என் மெஷினுக்கு எந்த ராம் வாங்குவது?

விண்டோஸ் 10இல் டாஸ்க் மனேஜரைத் திறந்து பெர்ஃபோமன்ஸ், மெமரி என்று போனால் எத்தனை ஸ்லொட், எத்தனை நிரம்பியிருக்கிறது, வேகம் என்ன என்று காட்டும். பழைய மெஷின் என்றால் மூடியைத் திறந்து ராமின் ஸ்டிக்கரையும் மதர்போட்டின் மொடல் எண்ணையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வவுனியாக் கடைக்குப் போவதானாலும், கொழும்பு யுனிட்டி பிளாசாவில் ஆள் விட்டு எடுப்பித்து பஸ்ஸில் போட்டுவிடச் சொல்வதானாலும், அந்தப் படம் ஒரு வீண் பயணத்தை மிச்சப்படுத்தும்.

டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 என்ற ராம் தலைமுறைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். இறங்கவில்லை என்றால் அழுத்தக் கூடாது. டெஸ்க்டொப்பில் டிடிஆர்2க்கும் டிடிஆர்3க்கும் 240 பின், டிடிஆர்4க்கு 288. லப்டொப்பில் இன்னொரு சிக்கல்: டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட். உருவம் ஒன்றுதான். ஆனால் இன்டெல் நான்காம் தலைமுறை முதல் வந்த டிடிஆர்3 லப்டொப்புகள் எல் வகையைத்தான் எதிர்பார்க்கும். சாதாரணதைப் போட்டால் எழும்பாது.

மதர்போட்டுக்கும் உச்சம் உண்டு. இன்டெல் ஜி31 சிப்செட் (மதர்போட்டின் முக்கியச் சில்லு) 4 ஜிபிக்கு மேல் ஏற்காது. ஜி41க்கு 8, எச்61க்கு 16. டிடிஆர்2இல் மலிவாகக் கிடைக்கும் சில 4 ஜிபி துண்டுகள் ஏஎம்டி போட்களில் மட்டுமே வேலை செய்யும். இன்டெல் போட்டில் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். வாங்கும்போது வாய்விட்டுக் கேளுங்கள்.

போடும்போது கரன்ட் வயரைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். போட்ட பின் பீப், பீப் என்று விடாமல் கத்தினால் ராம் சரியாக உட்காரவில்லை. வன்னியின் செம்மண் புழுதி ஸ்லொட்டுக்குள் மெல்லிய படையாகப் படியும். அதுவே போதும் தொடர்பு அறுபட. பொன்னிறப் பட்டைகளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, ஸ்லொட்டைக் காய்ந்த தூரிகையால் தட்டி, இரு பக்கக் கொளுவியும் "டிக்" என்று பூட்டும் வரை அமர்த்துங்கள். புதிய ராம் வாங்க முன் பழையதை இப்படி ஒரு தடவை துடைத்துப் போட்டுப் பாருங்கள். பல மெஷின்கள் அதிலேயே எழும்பும்.

ராம் கூட்டிய பிறகும் மெதுவாகவே இருக்கிறதே?

டாஸ்க் மனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ராம் நிரம்பாமலேயே டிஸ்க் நூறில் நின்றால், சுழலும் ஹாட் டிஸ்க்தான் தடை. அந்த நிலையில் ராமுக்குச் செலவழிப்பதைவிட சுழலும் பாகமே இல்லாத 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று போடுவது நல்லது. 4 ஜிபி ராமுடன் எஸ்எஸ்டி உள்ள மெஷின், 8 ஜிபி ராமுடன் பழைய ஹாட் டிஸ்க் உள்ள மெஷினைவிட விண்டோஸ் 10இல் சுறுசுறுப்பாக இருக்கும்.

8 ஜிபி இருக்கிறது. போட்டோஷொப் 7 "ராம் போதாது" என்கிறது. எப்படி?

2002இல் வந்த 32 பிட் புரோகிராம் அது. தனக்கென்று 2 ஜிபிக்கு மேல் எடுக்கத் தெரியாது. மெஷினில் அதைவிடப் பல மடங்கு இருந்தால் சில பழைய புரோகிராம்களின் கணக்கே பிழைத்துவிடும். பிரெஃபரன்ஸஸ் உள்ளே மெமரி அன்ட் இமேஜ் கேஷ் பகுதியில் சதவீதத்தைக் குறைத்து, ஸ்கிராட்ச் டிஸ்க்கை (தற்காலிகப் பைல்களை வைக்கும் இடத்தை) இடம் உள்ள டிரைவுக்கு மாற்றிப் பாருங்கள். 8ஐ 16 ஆக்குவதால் இதற்கு ஒரு பயனும் இல்லை.

இதே இனத்தில் இன்னும் இரண்டு. விண்டோஸ் 98 மெஷினில் 512 எம்பிக்கு மேல் ராம் போட்டால் "நினைவகம் போதாது" என்று நின்றுவிடும், கூடினதுதான் குற்றம். சில பழைய நிறுவல் சீடிகள், டிஸ்க்கில் நூறு ஜிபி காலியாக இருந்தாலும் "இடம் இல்லை" என்னும், அல்லது கழித்தல் குறியுடன் ஓர் எண்ணைக் காட்டும். 2 ஜிபிக்கு மேற்பட்ட இடத்தை அவற்றுக்கு எண்ணத் தெரியாது. டிஸ்க் மனேஜ்மென்டில் 1 ஜிபி அளவில் ஒரு சிறு பிரிவை உண்டாக்கி அதில் நிறுவினால் பல தடவை சரிவரும்.

"இந்த அப் உங்கள் கணினியில் ஓடாது" என்று வருகிறது. என்ன பொருள்?

பெரும்பாலும் அது 16 பிட் புரோகிராம். டொஸ், விண்டோஸ் 3.1 காலத்தவை எல்லாம் இந்த வகை. விண்டோஸ் 95, 98 காலத்துச் சில புரோகிராம்கள் 32 பிட் ஆனாலும் அவற்றின் நிறுவல் பைல் மட்டும் 16 பிட்டாக இருக்கும். 64 பிட் விண்டோஸ் 16 பிட்டை அறவே ஏற்காது. வலது கிளிக் செய்து கொம்பாட்டிபிலிட்டியில் எக்ஸ்பி என்று தெரிவு செய்தாலும் இது மாறாது. அது 32 பிட் புரோகிராம்களுக்கான மருந்து.

வழிகள் உண்டு. 32 பிட் விண்டோஸ் 10 போட்டால், 16 பிட் புரோகிராமை முதல் தடவை திறக்கும்போது அதை ஓட்டும் என்டிவிடிஎம் என்ற பகுதியை நிறுவவா என்று கேட்கும், சம்மதித்தால் ஓடும். அதற்கு விலையாக 4 ஜிபி எல்லையை ஏற்க வேண்டும். விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட்டில்தான் இருக்க வேண்டும் என்றால், விண்டோஸ் 3.1 காலத்துப் புரோகிராமுக்கு வைன்விடிஎம் என்ற இலவசக் கருவி, டொஸ் புரோகிராமுக்கு விடொஸ் அல்லது டொஸ்பொக்ஸ்-எக்ஸ். சாதாரண டொஸ்பொக்ஸ் விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. அதில் அச்சிட வழியில்லை, ஆகவே கணக்கு வேலைக்கு எடுக்க வேண்டாம்.

புரோகிராம் ஓடுகிறது, ஆனால் போன மாதம் வரை பதிந்த கணக்கைக் காணவில்லை!

பதறாதீர்கள், புதிதாக ஒன்றும் பதியவும் வேண்டாம். அநேகமாகத் தரவு அழியவில்லை, இரண்டு இடத்தில் பிரிந்து கிடக்கிறது.

எக்ஸ்பி காலத்துப் புரோகிராம்கள் தங்கள் தரவைத் தாங்கள் நிறுவப்பட்ட புரோகிராம் பைல்ஸ் போல்டருக்குள்ளேயே எழுதும். விஸ்டாவில் இருந்து விண்டோஸ் அதற்கு இடம் விடுவதில்லை. ஆனால் புரோகிராம் முறியாமல் இருக்க, எழுதுவதைச் சத்தமில்லாமல் வெர்ச்சுவல்ஸ்டோர் என்ற இன்னொரு போல்டருக்குத் திருப்பிவிடும். புரோகிராமுக்கு அது தெரியாது. ஒரு நாள் யாரோ "ரன் அஸ் அட்மினிஸ்ரேட்டர்" கொடுத்துத் திறந்தால் திருப்பிவிடல் நின்றுவிடும். புரோகிராம் உண்மையான போல்டரைப் பார்க்கும். அங்கே நிறுவிய நாளில் இருந்த வெறும் பைல்தான் இருக்கும். விண்டோஸுக்குள் வேறு பெயரில் நுழைந்தாலும் இதே கதை, ஏனென்றால் வெர்ச்சுவல்ஸ்டோர் ஆளுக்கு ஒன்று. ஒரே மெஷினில் எழுதுவினைஞரும் முகாமையாளரும் வேறு வேறு பெயரில் நுழைந்து பதிந்திருந்தால், இருவரிடமும் அரைக் கணக்கு இருக்கும்.

தேட வேண்டிய இடம்: சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பயனர் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், வெர்ச்சுவல்ஸ்டோர். ஆப்டேட்டா மறைந்திருக்கும், வியூவில் ஹிடன் ஐட்டம்ஸைத் தெரிவு செய்தால் தெரியும். இரண்டு இடத்துப் பைல்களின் திகதியையும் அளவையும் ஒப்பிட்டு, இரண்டையும் தனித்தனியாகப் பிரதி எடுத்த பிறகே எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யுங்கள். நிரந்தரத் தீர்வு: புரோகிராமை நீக்கி, புரோகிராம் பைல்ஸ் அல்லாமல் சி டிரைவில் நேரே "கணக்கு" மாதிரி ஒரு போல்டர் உண்டாக்கி அதில் நிறுவி, எல்லாப் பயனருக்கும் எழுத அனுமதி கொடுப்பது. பழைய புரோகிராம் எதையும் புதிய விண்டோஸில் நிறுவும்போது ஆரம்பத்திலேயே இப்படிச் செய்தால் இந்த நெஞ்சிடியே வராது.

பாமினி புதிய விண்டோஸில் வேலை செய்யுமா? வேர்டில் எழுத்து தானாக மாறுகிறதே?

வேலை செய்யும். பாமினி சாதாரண ட்ரூடைப் எழுத்துருதான். ஆனால் விண்டோஸ் 10இன் பிந்திய பதிப்புகளில் வெறும் "இன்ஸ்டோல்" கொடுத்தால் அந்தப் பயனருக்கு மட்டும் நிறுவப்படும். பேஜ்மேக்கர் மாதிரிப் பழையவற்றின் பட்டியலில் தெரியாமல் போகலாம். எழுத்துருப் பைலில் வலது கிளிக் செய்து "இன்ஸ்டோல் ஃபோர் ஓல் யூசர்ஸ்" கொடுங்கள்.

எழுத்து மாறுவதற்குக் காரணம் வேர்டின் ஓட்டோகரெக்ட். பாமினியில் நீங்கள் காண்பது தமிழ். வேர்ட் காண்பது ஆங்கில எழுத்து. வசனத்தின் முதல் எழுத்தை அது பெரிய எழுத்தாக்கும். பாமினியில் "க" இருக்கும் விசையின் பெரிய எழுத்து "கு". ஆகவே வசனத் தொடக்கத்தில் "கடை" என்று அடித்தால் "குடை" ஆகும், "மடி" "முடி" ஆகும், "தமிழ்" "துமிழ்" ஆகும். வினாத்தாளில் அ, ஆ, இ, ஈ என்று அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொண்டு வந்து "உ" போட்டவுடன் வேறு ஒரு குறி வந்து விழுவதும் இதனால்தான்: பாமினி "உ" ஆங்கில "சீ" விசையில் இருக்கிறது, அடைப்புக்குள் "சீ" என்றால் வேர்ட் அதைப் பதிப்புரிமைக் குறியாக்கிவிடும். பைல், ஒப்ஷன்ஸ், புரூஃபிங், ஓட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸ் போய், முதல் எழுத்தைப் பெரிதாக்கும் தெரிவையும், ரைப் செய்யும்போதே மாற்றும் தெரிவையும் எடுத்துவிடுங்கள்.

போனில் ரைப் செய்த யுனிகோட் (எழுத்துருவைச் சாராத பொதுக் குறியீட்டு முறை) தமிழைப் பழைய புரோகிராமில் ஒட்டினால் கேள்விக்குறிகள் வருவது வேறு பிரச்சினை. அந்தப் புரோகிராம் யுனிகோட் அறியாதது. விண்டோஸின் பிராந்திய செற்றிங்ஸில் தமிழைத் தெரிவு செய்தாலும் தீராது, ஏனென்றால் தமிழுக்குப் பழைய முறைக் குறியீட்டுப் பக்கம் (யுனிகோட் அறியாத புரோகிராம்களுக்கான எழுத்து அட்டவணை) விண்டோஸில் இருந்ததே இல்லை. யுனிகோட்டைப் பாமினிக்கு மாற்றி ஒட்டுவதுதான் வழி.

மறுபக்கம், பாமினியை யுனிகோட்டுக்கு மாற்றும்போது இடையிடையே உள்ள ஆங்கிலப் பெயர்களும் அடையாள எண்களின் ஆங்கில எழுத்துகளும் அர்த்தமற்ற தமிழாகிவிடும். அவற்றை முன்பே வேறாக எடுத்து வையுங்கள். எல்லாப் பழைய எழுத்துருவும் பாமினி முறையில் ஆனதல்ல என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேஜ்மேக்கர் பைல்களை எப்படித் திறப்பது?

பேஜ்மேக்கர் 7 கடைசியாக வந்தது 2001இல். 64 பிட் விண்டோஸில் சில மெஷின்களில் ஓடும், சிலதில் அச்சிடும்போது விழும். அடோபி இன்டிசைன் சிஎஸ்6 பேஜ்மேக்கர் 6 முதல் 7 வரையான பைல்களைத் திறக்கும். லிப்ரே ஒபிஸ் டிரோவும் திறக்கும். வடிவம் கொஞ்சம் குலையும், ஆனால் எழுத்தை மீட்க அது போதும். பழைய மெஷின் உயிரோடு இருக்கும்போதே முக்கியமானவற்றைப் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள்.

டொட் மற்றிக்ஸ் பிரிண்டர் புதிய மெஷினில் அச்சிடவில்லை.

டொஸ் புரோகிராம்கள் எல்பிடி1 என்ற துறைக்கு நேரே அனுப்பும். புதிய மெஷினில் அந்தத் துறை இல்லை. யூஎஸ்பி வயரில் பிரிண்டரை நிறுவி, அதை நெட்வேர்க்கில் பகிர்ந்து, அந்தப் பகிர்வை "நெட் யூஸ்" கட்டளையால் எல்பிடி1 என்ற பெயரில் இணைத்தால் 32 பிட் விண்டோஸில் பற்றுச்சீட்டு வரும். 64 பிட்டில் விடொஸ் தானாகவே விண்டோஸ் பிரிண்டருக்கு அனுப்பும். 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறாது. புது மெஷின் வாங்க முன் உங்கள் பிரிண்டருக்கு 64 பிட் டிரைவர் உண்டா என்று பாருங்கள்.

வெளிநாட்டில் இருந்து அண்ணா கணினி அனுப்பியிருக்கிறார். கவனிக்க வேண்டியது?

கனடாவில் இருந்து வந்த டெஸ்க்டொப் என்றால் பிளக்கைச் செருக முன் பின்பக்கம் பாருங்கள். பவர் சப்ளையில் 115, 230 என்று ஒரு சிறு சுவிச் இருந்தால் அதை 230க்குத் தள்ள வேண்டும். 115இல் வைத்து நம் 230 வோல்ட்டில் கொடுத்தால் ஒரு வெடிச் சத்தம். பவர் சப்ளை போய்விடும், சிலவேளை மதர்போட்டையும் கூட்டிக்கொண்டு. சுவிச் இல்லாமல் 100-240 என்று எழுதியிருந்தால் பயமில்லை. லப்டொப் அடாப்டர்கள் அநேகமாக அப்படித்தான்.

பிரான்ஸ், ஜேர்மனி விசைப்பலகைகளில் சில எழுத்துகள் இடம் மாறியிருக்கும். பாமினிக்குப் பழகிய கைக்கு அது தடுமாற்றம். விண்டோஸில் அமெரிக்க ஆங்கில விசைப்பலகையைத் தெரிவு செய்து, விசையைப் பாராமல் அடியுங்கள். அமெரிக்க செற்றிங்ஸுடன் வந்த மெஷினில் திகதி மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கும். பழைய கணக்குப் புரோகிராம் 5ஆம் மாதம் 3ஆம் நாளை 3ஆம் மாதம் 5ஆம் நாள் என்று பதிந்துவிடும். முதல் பதிவைப் போட முன்பே ரீஜனில் நாள், மாதம், ஆண்டு என்று மாற்றுங்கள்.

புதிய மெஷினுக்குள் எக்ஸ்பியை ஓட்டலாமா?

விண்டோஸுக்குள் இன்னொரு கணினியைப் பாவனையாக ஓட்டும் வெர்ச்சுவல்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளால் முடியும். மெஷினில் 8 ஜிபி இருந்தால் நல்லது, 4 ஜிபியில் திணறும். எக்ஸ்பிக்கு 512 எம்பி முதல் 1 ஜிபி, 10 ஜிபி டிஸ்க் கொடுங்கள். டிஸ்க் இணைப்பை ஐடிஈ முறையில் வையுங்கள், சாட்டா என்றால் எக்ஸ்பி சீடிக்கு டிஸ்க் தெரியாது. பயோஸில் (மெஷின் எழும்பும்போது வரும் அடிப்படை செற்றிங்ஸ்) வெர்ச்சுவலைசேஷன் திறந்திருக்க வேண்டும். பென்டியம் டுவல் கோர் ஈ5200 போன்ற பழைய புரொசசர்களில் அந்த வசதியே இல்லை. புதிய வெர்ச்சுவல்பொக்ஸ் அவற்றில் ஓடாது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8இன் பின் பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லை. ஆகவே உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்கு நெட்வேர்க்கை அணைத்துவிடுங்கள். எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியதும் ஸ்னப்ஷொட் (அந்த நிலையின் பதிவு) ஒன்று எடுத்து, அந்தப் போல்டர் முழுவதையும் வெளி டிஸ்க்கில் பிரதி பண்ணுங்கள். நாளைக்கு மெஷின் போனாலும் அப்படியே வேறொன்றில் எழும்பும்.

பழைய எக்ஸ்பி மெஷினையே வைத்திருந்தால் என்ன?

இணையத்தில் இருந்து கழற்றி, ஒரே வேலைக்கு வைத்திருக்கலாம். மதர்போட்டில் உள்ள சிஆர்2032 பற்றரியை மாற்றுங்கள். அது இறந்தால் ஒவ்வொரு காலையும் திகதி பின்னுக்குப் போய், கணக்கு தவறான ஆண்டில் ஏறும். ஒக்டோபர், நவம்பர் இடிமின்னல் நாட்களில் சுவிச்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்றுங்கள். புதிய விண்டோஸில் இருந்து அதன் பகிர்ந்த போல்டர் தெரியாது. எக்ஸ்பி போல்டர் பகிரப் பயன்படுத்தும் பழைய எஸ்எம்பி1 முறை புதிய விண்டோஸில் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. அதைத் திறந்துவிடுவதைவிட வைரஸ் சோதித்த பென்ட்ரைவில் எடுத்துச் செல்வது பாதுகாப்பு.

பழைய கல்விச் சீடிகள்?

பிரவுசரில் திறப்பவை பிளாஷ் என்ற பழைய அசைபட முறையில் ஆனவை என்றால், 2021 ஜனவரி 12இல் இருந்து பிளாஷ் பிளேயர் தானே தடுத்துக்கொண்டது. பிளாஷ் பிளேயருக்குப் பதிலான ரஃபிள் என்ற கருவியில் பல ஓடும். சீடியில் தனி இயக்கப் பைலாக இருந்தால் நேரே ஓடிவிடும்.

விண்டோஸ் 11க்குப் போகத்தான் வேண்டுமா?

டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்லு), இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பின்னது, 64 ஜிபி டிஸ்க் இருந்தால் போகலாம். இல்லாத மெஷினைக் குறுக்குவழியில் ஏற்ற வேண்டாம். ஒரு புதுப்பித்தலில் நின்றுபோகலாம். விண்டோஸ் 10க்கு வீட்டுப் பாவனையாளர்கள் 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களில் சேர வழி இருக்கிறது. இணையமும் கடிதமும் மட்டும் வேண்டிய 4 ஜிபி மெஷினுக்கு லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு நன்றாகப் பொருந்தும்; அதில் விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டும் வைன் என்ற மென்பொருளைப் போட்டால் சில 16 பிட் விண்டோஸ் புரோகிராம்கள்கூட ஓடும். பென்ட்ரைவில் இருந்து நிறுவாமலே ஓட்டி, உங்கள் பிரிண்டரையும் வைஃபையையும் அது அடையாளம் காண்கிறதா என்று பார்த்த பிறகு நிறுவுங்கள்.